காலி செய்ய உத்தரவு. கூடவே ஒரு தடை

புதுதில்லி: தலைநகரின் கன்னாட் சர்க்கஸ் பகுதியில் ஒரு வணிகக் கட்டடம். மாத வாடகை 371 ரூபாய் 90 காசு. உள்வாடகைக்கு விட்டதாகக் கூறி உரிமையாளர் தொடுத்த வழக்கில், காலி செய்யும்படி 2001 மார்ச்சில் உத்தரவு வந்தது. வாடகைதாரரான நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. வாடகைக் கட்டுப்பாட்டுத் தீர்ப்பாயம் உத்தரவை நிறுத்தி வைத்தது. ஆனால், வாடகையுடன் மாதம் 15,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்த நிபந்தனையைத் தில்லி உயர்நீதிமன்றம் நீக்கிவிட, வழக்கு உச்சநீதிமன்றத்தின் படியேறியது.

தலைமை நீதிபதி ஆர்.சி. லகோதி, நீதிபதி ஜி.பி. மாத்தூர் ஆகியோர் அடங்கிய அமர்வு 2004 டிசம்பர் 10 அன்று அந்த நிபந்தனையை மீண்டும் நிலைநாட்டியது. வெளியேற்ற உத்தரவு பிறந்த நாளோடு பழைய வாடகை உறவு முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் இடத்தைப் பயன்படுத்துவோர், அதே இடம் சந்தையில் பெற்றுத் தரக்கூடிய தொகையைத் தர வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். 2009-ல் மகாராஷ்டிர வழக்கொன்றில் மூன்று நீதிபதிகள் அமர்வும் இதை ஏற்றது.

தடை என்பது எவருக்கும் உரிமையல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-வது கட்டளை, 5-வது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. கணிசமான இழப்பு நேரும் என்று காட்ட வேண்டும். தாமதமின்றி வந்திருக்க வேண்டும். பிணையும் தர வேண்டும்.

அதற்காக இந்த அதிகாரத்தையே குறை கூறிவிட முடியாது. அமீனா வந்து பூட்டை உடைத்துச் சாமான்களை வீதியில் வைத்துவிட்ட பிறகு, மேல்முறையீட்டில் வென்று என்ன பயன்? வீட்டை இழந்த குடும்பம் அதற்குள் எங்கோ சென்றிருக்கும். தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958-லேயே இதை உணர்ந்திருந்தது. உரிமையாளரின் சொந்தத் தேவைக்காகக் காலி செய்ய உத்தரவிட்டாலும், 6 மாதம் கழியும்வரை சுவாதீனம் எடுக்க முடியாது. உச்சநீதிமன்றமே பல வழக்குகளில், வாடகைதாரரின் மனுவைத் தள்ளுபடி செய்த கையோடு, உறுதிமொழி பெற்றுக்கொண்டு சில மாத அவகாசம் தருவதுண்டு.

சிக்கல், அவகாசம் ஆண்டுகளாக நீளும்போதுதான். தடைகள் 6 மாதத்தில் தாமாகவே காலாவதியாகும் என்று 2018-ல் உச்சநீதிமன்றம் வகுத்த விதியை, 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு கைவிட்டது. வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு நேரமில்லை என்பதற்காகத் தடை பெற்றவர் தண்டிக்கப்படலாகாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எனினும், வென்றவரின் காத்திருப்புக்கு அந்தத் தீர்ப்பில் விடையில்லை.

நிறைவேற்று மனுக்களை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-ல் உச்சநீதிமன்றம் கூறியிருந்தது. கூறியபடி நடக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற நில வழக்கு ஒன்றே அதற்குச் சான்று. 1980-ல் எழுதிய கிரய ஒப்பந்தம். வழக்கில் வென்ற பிறகும், குத்தகைதாரர்கள் என்று சிலர் குறுக்கே நிற்க, நிலம் கைக்கு வரவில்லை. 2025 மார்ச்சில் அதற்கு முடிவு கூறிய நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, பங்கஜ் மித்தல் அமர்வு, நாடெங்கும் தேங்கிக் கிடக்கும் நிறைவேற்று மனுக்களின் கணக்கைத் தருமாறும், அவற்றை 6 மாதத்தில் முடிக்குமாறும் உயர்நீதிமன்றங்களைப் பணித்தது.

அக்டோபரில் கணக்கு வந்தது. 6 மாதத்தில் முடிந்தவை சுமார் 3.38 லட்சம். மிச்சம் 8.82 லட்சத்துக்கும் மேல். இதில் தமிழ்நாட்டின் பங்கு மட்டும் 86 ஆயிரத்தைத் தாண்டுகிறது. மிகவும் ஏமாற்றமளிப்பதாகக் கூறிய நீதிபதிகள், உயர்நீதிமன்றங்களுக்கு மேலும் 6 மாதம் அவகாசம் அளித்தனர். கர்நாடகத்திலிருந்து அதுவரை விவரமே வந்து சேரவில்லை.