உடம்பெல்லாம் நாக்கு

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் லாக்போர்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே ரெட் ஆற்றின் குறுக்கே 1910இல் திறந்த அணை ஒன்று இருக்கிறது. கோடையில் அங்கே இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் பொழுது சாயும். அந்த வேளையில், ஆற்றை நன்றாக அறிந்த ஒரு வழிகாட்டியோடு மீன் பிடிக்கப் படகில் ஏறிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம்.

அணைக்குக் கீழே நங்கூரம் போட்டாயிற்று. டார்ச்சைத் தண்ணீருக்குள் அடித்துப் பாருங்கள். வெறும் கலங்கல்தான். பனியுகம் முடிந்தபோது இந்த நிலத்தை அகாசி என்ற மாபெரும் ஏரி மூடியிருந்தது. அதன் அடியில் படிந்த களிமண்ணைக் கரைத்துக்கொண்டுதான் இந்த ஆறு ஓடுகிறது. இருட்டிலும் சேற்றிலும் மீன் எப்படி இரை தேடும்?

கெளுத்திக்கு வழிகாட்டி என்ன வைக்கிறார், கவனியுங்கள். ரத்தம் கசியும் மீன்துண்டு! அதைக் கொக்கியில் மாட்டி, ஈயக்குண்டோடு அடியில் இறக்குகிறார். துண்டு அசையவே வேண்டாம். அதிலிருந்து கரையும் அமினோ அமிலங்களே போதும். நம் வாயில் உள்ள சுவை மொட்டுகள் சில ஆயிரங்கள்தான். இந்த ஆற்றின் சேனல் கெளுத்திக்கு ஒரு லட்சத்துக்கும் மேல்! எட்டு மீசைகளிலும், செதிலே இல்லாத தோல் முழுவதிலும் அவை பரவியிருக்கின்றன. எந்தப் பக்கம் ருசி கூடுகிறதோ அந்தப் பக்கம் திரும்பி, இரையிடம் வந்து சேரும்.

படகில் காலைத் தொம்மென்று வைக்காதீர்கள். கெளுத்தியின் காற்றுப்பையை உட்காதோடு சின்னச் சின்ன எலும்புகள் இணைக்கின்றன. காற்றுப்பை அதிர்ந்தால் காதுக்குச் சேதி போய்விடும்.

இதே ஆற்றில் வால்ஐ என்றொரு மீன். பெயரில் உள்ள வாலுக்கும் மீனின் வாலுக்கும் சம்பந்தமில்லை. வெளிறிய கண்ணைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர் அது. அதன் பெரிய கண்ணுக்குள், விழித்திரையின் பின்பகுதியில், ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. முதல் தடவை தப்பிய ஒளி அதில் பட்டுத் திரும்பும்போது, கண் அதை இன்னொரு முறை பிடித்துக்கொள்கிறது. இரவில் பூனையின் கண் பளபளப்பதும் இப்படிப்பட்ட படலத்தால்தான். அந்தி மங்கலில் சிறு மீன்களுக்குப் பார்வை தடுமாறும். வால்ஐ வேட்டைக்குக் கிளம்புவது அப்போதுதான். ஒரே இருட்டை இரண்டு மீன்களும் இரண்டு வழியில் வென்றிருப்பது எனக்குத் தீராத வியப்பு.

இதோ, கோல் வளைகிறது! கெளுத்திதான். இங்கே பத்துக் கிலோ கெளுத்தி அபூர்வமில்லை. முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் முள் இருக்கிறது, ஜாக்கிரதை. கெளுத்தி முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று நம் ஊர் ஆற்றங்கரைப் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள். பெரிய கெளுத்தியைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது மானிடோபாவின் விதி. குளிர்ந்த நீரில் அது அவ்வளவு வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

தூக்கும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை அதன் வழுவழுப்பைத் துடைத்துவிடும். மெல்லப் பிடித்து, மெல்ல விடுங்கள். நீங்கள் தொட்ட அந்தத் தோலிலும் சுவை மொட்டுகள் இருக்கின்றன.