நோட்ஸ் தெரியாத பேஸ் கிதார்காரருக்குப் பிழைப்பு உண்டா?

கோவை சிங்காநல்லூர் வட்டாரத்தில் மாசி பிறந்துவிட்டால் போதும். மாரியம்மன் நோம்பிக்கு மேடை போட்டு, சீரியல் பல்பு கட்டி, ‘‘இன்று இரவு மெல்லிசை விருந்து’’ என்று போர்டு வைத்துவிடுவார்கள்.

மேடையில் பாடகர் முன்னால் நிற்பார். டிரம்ஸ்காரர் கண்ணில் படுவார். கீபோர்டுகாரருக்குக் கைதட்டல் உண்டு. பின்னால், ஸ்பீக்கர் ஓரமாக, நாலு தந்தி கிதாரோடு ஒருவர் நிற்பார். அவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் கை நின்றால்தான், ‘‘என்னமோ குறையுதே’’ என்று ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர்தான் பேஸ் கிதார்காரர்.

பகலில் லேத் பட்டறை, ராத்திரியில் மேடை என்று இருப்பவர்கள் இதில் நிறையப் பேர். இவர்கள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால் ஒரு வழக்குக் கிளம்பும். ‘‘ஏனுங்க, நோட்ஸ் படிக்கத் தெரியாட்டி இந்தத் தொழில்ல காலம் தள்ள முடியாதுங்களா?’’

காது போதும் என்று ஒரு கட்சி. காகிதம் வேண்டும் என்று ஒரு கட்சி. வழக்கு வெறும் வாய்ச் சண்டை அல்ல. சென்னை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போவதா, ஊர் மேடையோடு நிற்பதா என்கிற வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

சென்ட்ரல் ஸ்டூடியோ பையன்

காது கட்சிக்காரர்கள் சாட்சிக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. சிங்காநல்லூரிலேயே ஒருவர் இருந்தார்.

1930-களில் இங்கே சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது. ஜூபிடர் பிக்சர்ஸ் இங்கேதான் படம் எடுத்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) ஜூபிடர் படம்தான். அதற்கு இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. அவருடைய இசைக் குழுவில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன்தான் பின்னாளில் மெல்லிசை மன்னர் ஆன எம்.எஸ்.விசுவநாதன்!

விசுவநாதனுக்கு மெட்டு ஆர்மோனியத்தில் பிறக்கும். வாயாலேயே பாடிக் காட்டுவார். ஐந்து கோடு போட்டு எழுதிக்கொண்டு உட்காரும் வழக்கம் அவருக்கு இல்லை. அவர் போட்ட பாட்டுகளை நாடே பாடியது.

‘‘பார்த்தீங்களா, அவருக்கே நோட்ஸ் தேவைப்படலை’’ என்பார்கள்.

இதில் பாதிதான் உண்மை. அவர் பாடியதைக் கேட்டு, வயலினுக்கு இது, டிரம்பெட்டுக்கு இது என்று பிரித்துத் தாளில் ஏற்ற உதவியாளர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். இருபது வயலின்காரர்கள் ஒரே நேரத்தில் வில்லை இழுக்க வேண்டும் என்றால், ஆளுக்கு ஆள் ஞாபகத்தை நம்ப முடியுமா? முதலாளிக்குக் காது போதும். சம்பளக்காரருக்கு அது போதவில்லை. காது கட்சி இதைச் சொல்லாமல் விட்டுவிடும்.

சென்னை ஸ்டூடியோக்களில் அந்தக் காலத்தில் நோட்ஸ் படித்து வாசித்தவர்களில் ஆங்கிலோ இந்தியர்களும் கோவாக்காரர்களும் அதிகம். சர்ச்சிலும் பேண்டிலும் சின்ன வயசிலேயே கற்றவர்கள். மற்றவர்கள் மாஸ்டரைத் தேடிப் போனார்கள். மயிலாப்பூரில் இருந்த தன்ராஜ் மாஸ்டர் அப்படிப்பட்ட ஓர் ஆசான். பண்ணைப்புரத்தில் இருந்து வந்த கிதார் வாலிபர் ஒருவரும் அவரிடம் போய் உட்கார்ந்தார்.

பேஸுக்கே ஒரு மெட்டு

அந்த வாலிபர்தான் இளையராஜா. ‘அன்னக்கிளி’ (1976) வந்த பிறகு பேஸ் கிதார்காரர் வேலையே மாறிப் போயிற்று.

அதற்கு முன்னால் பேஸ் என்றால் பெரும்பாலும் பாட்டுக்கு அஸ்திவாரம். கார்டு என்ன என்று தெரிந்தால் போதும். அதன் அடி ஸ்வரத்தைத் தாளத்தோடு போட்டுக்கொண்டு போகலாம். நல்ல காது உள்ளவர் தப்பு செய்யமாட்டார்.

இளையராஜா பேஸுக்குத் தனி மெட்டு எழுதினார். ‘மூடுபனி’ (1980), ‘மௌன ராகம்’ (1986) படப் பாட்டுகளை நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் தெரியும். பாடகர் மேலே போகும்போது பேஸ் கீழே இறங்கும். பாடகர் மூச்சு விடும் இடத்தில் பேஸ் பேசும். ஒரே பாட்டுக்குள் இரண்டு பாட்டு.

இதை ஊகித்து வாசிக்க முடியாது. கார்டைச் சொல்லிவிட்டால் வருகிற சமாசாரம் அல்ல. எழுதியவர் மனசில் இருப்பது தாளில்தான் இருக்கிறது. அவர் கூடவே பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். ரசிகர்கள் அந்தப் பேஸைக் கொண்டாடும்போது கையை மட்டும் புகழ்வார்கள். அந்தக் கைக்கு முன்னால் ஸ்டாண்டில் ஒரு தாள் இருந்தது.

இன்னொரு விஷயம், நேரம். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நின்று பதிவு செய்த காலத்தில், ஒருவர் தப்பினால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பம். கால்ஷீட்டுக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். ‘‘இன்னொரு தரம் பாடிக் காட்டுங்க’’ என்று கேட்கும் பேஸ்காரரை அடுத்த முறை யார் கூப்பிடுவார்கள்?

மேடையில் கதை வேறு

ஆனால் நோம்பி மேடையில் தாள் உதவாது.

அன்றைக்குப் பாடகருக்குத் தொண்டை சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘‘அரைக் கட்டை இறக்கிக்கலாமுங்க’’ என்பார். காதால் வாசிப்பவர் கையை ஒரு ஃப்ரெட் பின்னால் தள்ளிக்கொண்டு அதே விரலைப் போடுவார். தாளைப் பார்த்தே பழகியவர், எழுதியிருப்பது ஒன்று, வாசிக்க வேண்டியது இன்னொன்று என்று மனசுக்குள் கணக்குப் போட வேண்டும். கூட்டத்தில் இருந்து ‘ஒன்ஸ்மோர்’ வந்தால் எந்த இடத்தில் இருந்து எடுப்பது என்று தாள் சொல்லாது. டிரம்ஸ்காரர் கண்தான் சொல்லும்.

பேஸ் கிதாரில் இன்னொரு வினோதமும் உண்டு. ஒரே ஸ்வரம் இரண்டு மூன்று இடத்தில் கிடைக்கும். தாள் ஸ்வரத்தைச் சொல்லும். எந்தத் தந்தியில் என்று சொல்லாது. போதாக்குறைக்கு, தாளில் எழுதுவதைவிட ஒரு ஸ்தாயி கீழேதான் கிதார் ஒலிக்கும்!

வெளிநாட்டிலும் இதே வழக்கு

பேஸ் கிதார் கடைக்கு வந்தது 1951-ல். அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் செய்தார். அதற்கு முன் ஆள் உயர டபுள் பேஸ்தான். அந்தத் தந்தியில் இடத்தைக் காதால் தேட வேண்டும். இதில் ஃப்ரெட் இருந்ததால் சாதா கிதார்காரரும் எடுத்து வாசித்தார். நோட்ஸ் தெரியாத பேஸ்காரர்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னிக்கு நோட்ஸ் படிக்க வராது. அவரே சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களில் கூலிக்கு வாசித்த கரோல் கே என்ற பெண்மணிக்கு நன்றாக வரும். அவர் சொந்தக் குழு வைத்திருந்த பாட்டுக்காரர். இவர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசிக்க வேண்டியவர். மெக்கார்ட்னியைக் காட்டி வாதாடுபவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

நாஷ்வில் நகரத்துக்காரர்கள் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். கார்டுக்குப் பேர் எழுதாமல் 1, 4, 5 என்று நம்பர் போட்டார்கள். சுருதி மாறினாலும் நம்பர் மாறாது. அரைக் கட்டை இறக்கும் நம்ம ஊர்க் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான தாள் இல்லை.

இப்போது நிலவரம்

1980-களின் கடைசியில் இருந்தே கீபோர்டு பேஸ் வந்து இந்த வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. மேடையிலும் கீபோர்டுகாரர் இடது கையால் பேஸைச் சமாளித்துவிட்டால் ஒரு ஆள் சம்பளம் மிச்சம் என்று நினைக்கும் குழுக்கள் உண்டு.

பாட்டுப் பதிவும் மாறிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து வாசித்து அனுப்பலாம். கார்டு வாட்ஸ்அப்பில் வரும். பத்து தரம் தப்பினாலும் யாருக்கும் தெரியாது. அங்கே நோட்ஸ் இல்லாமலும் ஓட்டலாம். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ராக்-பாப் தேர்விலேயே, தாளைப் பார்த்து வாசிப்பதா, கற்பனையாக வாசிப்பதா என்று மாணவரே தேர்ந்துகொள்ள ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி என்றால் அந்தச் சலுகை இல்லை. இளையராஜா கச்சேரி மேடையில் இன்றும் வாத்தியக்காரர்கள் முன்னால் நோட்ஸ் ஸ்டாண்டு நிற்பதைப் பார்க்கலாம். அந்த நாற்காலியில் உட்கார ஆசைப்படும் சிங்காநல்லூர் பையன் ஐந்து கோட்டைக் கற்றுத்தான் ஆக வேண்டும். நோம்பி மேடை போதும் என்பவர் நம்பர் முறையைக் கற்றுக்கொண்டால் ஜோராக ஓட்டலாம்.

ஒரு வேடிக்கை. இளையராஜா எழுதிய பேஸ் தாள்கள் கடையில் கிடைப்பது அபூர்வம். ஆகவே நோட்ஸ் கரைத்துக் குடித்தவரும் அந்தப் பாட்டை நோம்பியில் வாசிக்க வேண்டுமானால், ஹெட்போனை மாட்டி, வேகத்தைக் குறைத்து, காதால்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது!