சூளையிலும் சிப்காட்டிலும் வளரும் பிள்ளைகள்: காலம் தாழ்ந்து வரும் நோய்கள்

திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாடகை அறைகளிலும் வளரும் குழந்தைகளைத் தாக்குபவை பெரும்பாலும் அரிய நோய்கள் அல்ல. வயிற்றுப்போக்கு, நிமோனியா, இரத்தசோகை, தட்டம்மை, காசநோய் என ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடக்கூடிய நோய்களே. ஆயினும் கண் குழிந்து சிறுநீர் நின்றுபோன நிலையிலோ, மூச்சு வாங்கி விலா உள்ளிழுக்கும் நிலையிலோதான் இவர்களுள் பலர் மருத்துவரிடம் வந்து சேர்கின்றனர் என்பதும், அதற்குள் மருந்துக்கடை, ஊசி போடுபவர், தொக்கம் எடுப்பவர் ஆகியோரிடம் காசும் காலமும் கரைந்துவிடுகின்றன என்பதும் குழந்தை மருத்துவர்கள் ஓயாமல் காணும் நிலையாகும்.

தாமதத்தின் கணக்கு

செங்கல் சூளைகளில், அதாவது தொழிலாளர் வழக்கில் ‘சேம்பர்’களில், உழைப்போர் பெரும்பாலும் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா போன்ற மாவட்டங்களிலிருந்து முன்பணம் பெற்று வந்த குடும்பங்களும் உள்ளூர் இருளர் குடும்பங்களும் ஆவர். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால் மற்றவரின் வேலையும் பாதியில் நின்றுவிடுகிறது. முன்பணக் கடனோ அப்படியே நிற்கிறது. இதை அறியாமை என்று மட்டும் பெயரிட்டு ஒதுக்குவது மருத்துவத் துறையினருக்கு வசதியாக இருக்கலாம், நேர்மையாகாது.

இதைவிடக் கவனிக்கத்தக்க இடைவெளி ஒன்றுண்டு. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம், அதாவது பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் முதலியவற்றைத் தொடக்கத்திலேயே கண்டறியும் தேசியத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள், அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் செல்கின்றன. வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையும் முதலமைச்சரின் காலை உணவும் அதே பள்ளி வாசல் வழியாகத்தான் வருகின்றன. மழைக்காலம் முடிந்து சூளை தொடங்கும்போது வந்து ஜூன் வாக்கில் ஊர் திரும்பும் பிள்ளையோ, இங்குள்ள பள்ளியிலும் அங்குள்ள பள்ளியிலும் ஒரு கல்வியாண்டை முழுமையாகக் கழிப்பதில்லை. நலத்திட்டங்கள் எங்கே காத்திருக்கின்றனவோ அங்கே இந்தப் பிள்ளைகள் இல்லை.

அட்டை இல்லாவிட்டால் வைத்தியம் இல்லையா?

மிகப் பரவலான தவறான நம்பிக்கை இதுவே. ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இல்லையென்றால் அரசு மருத்துவமனையில் சேர்க்க மாட்டார்கள் என்று மேஸ்திரிகளே சொல்லித் தொழிலாளரைத் தடுத்துவிடுகின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகளிலும், 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குழந்தைக்குச் சிகிச்சை பெறவோ தடுப்பூசி போடவோ எந்த அட்டையும் முன்நிபந்தனை இல்லை. 108 ஊர்தி அட்டை கேட்டு வருவதில்லை.

அட்டை தேவைப்படுவது, தனியார் மருத்துவமனைகளும் இணைந்துள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பெரிய அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்கே. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கான அத்திட்டத்தில், கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழர் வருமான வரம்பின்றிச் சேரலாம். ஆறு மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளரும் உரிய அலுவலரின் சான்றோடு சேரலாம். (சூளையின் பருவமே ஏறத்தாழ ஆறு மாதம்தான், தகுதி வருவதற்கும் குடும்பம் ரயில் ஏறுவதற்கும் நாள் ஒன்றாகிவிடுகிறது என்பதை விதி வகுத்தோர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.) சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தக்காரர் வழியாக மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறுவோர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்திற்கு, அதாவது இ.எஸ்.ஐ.க்கு, உரியவர்கள், அவர்களைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் அந்த உரிமை உண்டு என்பது ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தும் பலருக்குத் தெரிவதில்லை.

‘ஒரு செட்டு’ மாத்திரையும் ஓர் ஊசியும்

காய்ச்சலுக்கு ஒரு செட்டு, பேதிக்கு ஒரு செட்டு என்று மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துத் தரப்படும் மாத்திரைகளுள் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. விற்பவருக்கும் தெரியுமா என்பது ஐயமே. அவற்றுள் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் அன்றே தணியும், நோய் தணியாது. டெங்குவில் காய்ச்சல் குறையும் நாள்களில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து ஆபத்து தொடங்குகிறது என்பதால், பொய்யாகத் தணிக்கப்பட்ட காய்ச்சல் பெற்றோரை ஏமாற்றிவிடுகிறது. ஐபுபுரூஃபன், டைக்குளோஃபினாக், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக்கசிவைக் கூட்டுகின்றன. எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் தவிர வேறெதுவும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கப்படலாகாது.

பேதியை ‘நிறுத்தும்’ மாத்திரை இன்னும் கொடியது. லோபராமைடு போன்றவை சிறு குழந்தையின் குடலை அசைவற்றதாக்கி வயிற்றை உப்பச் செய்கின்றன. பேதியில் உயிரைப் பறிப்பது நீரிழப்பு. அதற்கு மருந்து ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் ஆகும். இரண்டும் சுகாதார நிலையத்தில் இலவசம். இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் காசு கொடுத்து ஆபத்தை வாங்கும் இவ்வழக்கம் எத்தனை முறை எடுத்துச் சொல்லியும் மாறாதது சலிப்பூட்டுகிறது. ஊசி போட்டால்தான் உடம்பு தேறும் என்ற நம்பிக்கையோ, போலி மருத்துவர்கள் அவ்வப்போது கைதாகும் இம்மாவட்டத்தில் அவர்களுக்குத் தொடர்ந்து பிழைப்பளித்து வருகிறது.

தொக்கம், தோஷம், அம்மை

குழந்தை உண்ணாமல் மெலிந்தால் உணவு தொண்டையிலோ வயிற்றிலோ சிக்கியிருப்பதாகக் கருதி, வயிற்றை உருவியோ குழல் வைத்து உறிஞ்சியோ எதையோ எடுத்துக்காட்டுவது தொக்கம் எடுத்தல் எனப்படுகிறது. காட்டப்படும் பொருள் குழந்தையின் வயிற்றிலிருந்து வந்ததன்று. எடுப்பவரின் வாயிலோ கையிலோ முன்பே இருந்தது. மெலிவுக்குக் காரணமான காசநோயும் குடற்புழுவும் சத்துக்குறைவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

உச்சிக்குழி விழுந்து பச்சையாகப் பேதியாவதைத் தீட்டுப்பட்ட தோஷம் என்று கூறி மந்திரிக்கச் செல்வதும், அந்நேரத்தில் தாய்ப்பாலை நிறுத்துவதும் குழந்தைக்குக் கிடைக்கும் கடைசி நீரையும் பறிப்பதாகும். உச்சிக்குழி விழுவது கடும் நீரிழப்பின் அடையாளம். குளிப்பாட்டிய பின் மூக்கில் எண்ணெய் விடுவதும் மூக்கில் ஊதுவதும் எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று நிமோனியா உண்டாவதற்கு இடமளிக்கின்றன. ஒடிசாவின் பழங்குடிப் பகுதிகளில் வயிற்றில் சூடு வைக்கும் வழக்கம் இருப்பதால், அங்கிருந்து வரும் குழந்தையின் வயிற்றிலுள்ள தழும்புகளை மருத்துவர் கேட்டறிய வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களும் இதற்கு முற்றிலும் விலக்கல்ல.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதால் எந்தக் கேடுமில்லை, கட்டிக்கொள்ளலாம். மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்ற விதிதான் கேடானது. தட்டம்மைக்குப் பின்வரும் நிமோனியாவும் கண் பாதிப்புமே பெரிய இழப்புகளை உண்டாக்குபவை. அடுத்தடுத்த இரு நாள்களில் தரப்படும் வைட்டமின் ஏ அவற்றைக் குறைக்கிறது. 9 மாதம் முடிந்ததும் ஒரு தவணையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் இன்னொன்றும் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியைத் தவறவிட்டவர்கள் ஐந்து வயது வரை போட்டுக்கொள்ளலாம். ‘நாள் தப்பிவிட்டது, இனிப் பயனில்லை’ என்பது மற்றொரு கட்டுக்கதை.

இரத்தசோகையும் ஈயமும்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினரும், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 52.9 விழுக்காட்டினரும் இரத்தசோகையுற்றிருந்தனர். மாநிலத்தின் சராசரியே இதுவென்றால், சூளையின் நிலையைத் தனியாக விளக்கத் தேவையில்லை. இரும்புச்சத்து குறைந்த உடல் ஈயத்தை மிகுதியாக உறிஞ்சும் என்பது இரும்பு உருக்காலைகளோடு ஈயம் உருக்கும் ஆலைகளும் உள்ள கும்மிடிப்பூண்டியில் கூடுதல் கவலைக்குரியது. ஈயத் தூசி தந்தையின் வேலை உடுப்பில் ஒட்டி வீடு வந்து, தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குச் செல்கிறது. குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவென்று எதுவுமில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உடுப்பை ஆலையிலேயே மாற்றிக் கைகால் கழுவி வருவதும் அதைத் தனியாகத் துவைப்பதும் காசு செலவில்லாத காப்பு.

மெலிந்தோ வெளிறியோ இருக்கும் குழந்தைக்கு ஹீமோகுளோபின், சளி, மார்பு எக்ஸ்ரே, ஈய அளவு ஆகியவற்றுள் எந்தப் பரிசோதனை தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

வயதை மறைக்கும் வளரிளம் பருவத்தினர்

பதினாறு வயதுச் சிறுவன் பதினெட்டு என்று சொல்லி ஆலையிலோ பட்டறையிலோ சேர்ந்தால், இயந்திரத்தில் விரல் நசுங்கும் நாளில் அந்தப் பொய்யே அவனை அரசு மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்து, தையல் போடத் தெரிந்த யாரிடமோ அனுப்புகிறது. இளவயதிலேயே மணம் முடிக்கப்பட்டுக் கருவுற்ற சிறுமியின் நிலை இதனினும் இடர்மிக்கது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்பதால் குடும்பங்கள் அவளை ஒளித்து வைக்கின்றன. கருக்கலைப்பு மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கி, இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனபின் வருவோர் உண்டு. கருக்கலைப்பு நாடி வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவளது அடையாளத்தை மருத்துவர் அத்தகவலில் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருப்பதை மருத்துவர்களே இன்னும் பரவலாக அறிந்தாக வேண்டும்.

வேண்டுகோள்

பெற்றோரே, வேறெதையும் நினைவில் கொள்ளாவிட்டாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வேகமானாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, அன்றைய கூலி போனாலும் போகட்டும் என்று புறப்பட்டுவிடுங்கள். இரவானாலும் 108-ஐ அழையுங்கள், ஐயம் கேட்க 104-ஐ அழையுங்கள். மருந்துக்கடை நடத்துவோரே, குழந்தைக்குச் செட்டுக் கட்டித் தருவதை விட்டுவிடுங்கள். சூளை உரிமையாளர்களே, ஒப்பந்தக்காரர்களே, கிராம சுகாதாரச் செவிலியரை உள்ளே விடுங்கள். குழந்தையோடு மருத்துவமனைக்குப் போனவரின் அரை நாள் கூலியைப் பிடிக்காதிருங்கள். ஜூனில் கணக்கு முடித்து அனுப்பும்போது, எந்தத் தவணை போட்டாயிற்று, எது பாக்கி என்று செவிலியரிடம் குறித்து வாங்கிய தடுப்பூசி அட்டையையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். பலாங்கீரிலுள்ள செவிலியர் அதைப் பார்த்துத்தான் அடுத்த தவணையைப் போட வேண்டும்.