மண்ணில் கிடைத்த சிவப்பு மணி: சூதுபவளமா, கண்ணாடியா?

காரைக்குடிப் பக்கம் உழும்போது வழவழப்பான சிவப்பு மணி ஒன்று கிடைத்தால், அது என்னவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதே சிவகங்கை மாவட்டத்தின் கீழடி அகழாய்வில் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லால் ஆன மணிகள் கிடைத்திருக்கின்றன. அதனால் அலட்சியம் வேண்டாம்.

முதலில் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சூதுபவளத்தின் ஓரங்களில் ஒளி தேன் நிறமாக ஊடுருவும். உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடிதான்.

அடுத்து துளை. உண்மையில் கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சூதுபவளத்தின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் சுமார் 7. சாதாரணக் கத்தி அதைக் கீறாது. ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுமுனை சில்லுச் சில்லாகப் பெயரும். ஆகவே பழைய கைவினைஞர்கள் பெரும்பாலும் இருபுறமிருந்தும் துளைத்து நடுவில் சேர்த்தார்கள். சேருமிடம் சற்றே விலகியிருப்பதை லென்ஸில் பார்க்கலாம். ஈரோடு மாவட்டக் கொடுமணலில் அப்படி மணி செய்யும் பட்டறைகளே இருந்தன.

சூதுபவளத்துக்குச் சிவப்பு நிறம் ஏன்? சிலிக்காவில் கலந்த இரும்பால். சூடேற்றினால் அந்த இரும்புச் சேர்மம் நீரை இழந்து இன்னும் சிவக்கும்.

மணியைக் கீறிச் சோதிக்காதீர்கள், அமிலத்தில் கழுவாதீர்கள். மேலும் தோண்டவும் வேண்டாம். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு வட்டாட்சியரிடமோ சிவகங்கை அரசு அருங்காட்சியகத்திலோ தெரிவியுங்கள். இடம் தெரியாத மணியால் வரலாற்றுக்குப் பயன் மிகக் குறைவு.