உங்களுக்குத் தெரியுமா? வேலையிடமும் போதைப் பரிசோதனையும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் கார், சுங்குவார்சத்திரத்தில் செல்போன், ஒரகடத்தில் லாரி, வல்லம் வடகாலில் மோட்டார் சைக்கிள் என்று மூன்று ஷிப்டிலும் உற்பத்தி நடக்கிறது. பிரஸ் மெஷினும் ஃபோர்க்லிஃப்டும் ஓடும் இடத்தில் ஒருவர் போதையோடு நின்றால், பக்கத்தில் நிற்பவரின் கைக்கும் ஆபத்து. என்றோ ஒரு லீவு நாளில் எடுத்ததைக் காட்டும் பரிசோதனையை மட்டும் வைத்து ஒருவரின் பிழைப்பைப் பறிப்பதும் அநியாயம்தான். பரிசோதனை எடுக்கும் செவிலியரும், கொடுக்கும் தொழிலாளியும், முடிவெடுக்கும் ஹெச்.ஆரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இவை.

500 பேருக்கு மேல் என்றால் செவிலியர் உண்டு

500க்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தொழிற்சாலையில் முதலுதவி அறை இருந்தாக வேண்டும், வேலை நேரம் முழுக்க அங்கே மருத்துவ, செவிலியப் பணியாளர்கள் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு விதித்திருந்தது. போதைப் பரிசோதனை என்று வந்தால் குப்பியைக் கையில் கொடுப்பதும், சீல் வைப்பதும், கையெழுத்து வாங்குவதும் பெரும்பாலும் இவர்கள் தலையில்தான் விழும். அந்தச் செவிலியரும் நைட் ஷிப்ட் பார்க்கும் ஒரு தொழிலாளிதான். நிர்வாகம் பரிசோதனை விதியை எழுதும்போது அவரையும் உட்கார வைத்து எழுதினால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

கோடு விழுந்தால் நல்ல செய்தி

சிறுநீரில் கஞ்சாவைக் கண்டறியும் சாதாரண கிட்டில் இரண்டு இடங்கள் இருக்கும்: சி, டி. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு விழுந்தால் ‘இருக்கிறது’ என்று பொருள். போதை கிட்டில் அப்படியே தலைகீழ்: ‘டி’ கோடு விழுந்தால் ‘இல்லை’, விழாவிட்டால்தான் சந்தேகம். கோடு மங்கலாக விழுந்தாலும் ‘இல்லை’ என்றே எழுத வேண்டும். ‘சி’ கோடே வராவிட்டால் அந்த கிட் செல்லாது, வேறு கிட் எடுக்க வேண்டும். மங்கலான கோட்டை ‘கொஞ்சம் இருக்கு போல’ என்று ஒருவர் தப்பாகப் படித்தால் இன்னொருவரின் வேலை போய்விடும்.

மூன்று நாளா, முப்பது நாளா?

கஞ்சாவின் போதைப் பொருளான டி.ஹெச்.சி. கொழுப்பில் கரையும். உடம்பின் கொழுப்பில் தங்கி, சிதைந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் இறங்கும். புகைத்தவருக்கு மயக்கம் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஒரே ஒருமுறை எடுத்தவரின் சிறுநீரில் சுமார் மூன்று நாள் வரை தடயம் இருக்கலாம். நாள்தோறும் எடுப்பவரிடம் ஒரு மாதத்தையும் தாண்டலாம். ‘இவர் எப்போதோ எடுத்திருக்கிறார்’ என்பதோடு சிறுநீர்ப் பரிசோதனையின் பேச்சு முடிந்துவிடுகிறது. ‘இப்போது மெஷின் முன்னால் நிற்கத் தகுதியா?’ என்ற கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதும் எந்தக் கம்பெனி விதியும் கோணலாகத்தான் போகும்.

மதுவுக்கு ஓர் அளவு, கஞ்சாவுக்கு?

மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் மதுவுக்குத் தெளிவான எல்லை இருக்கிறது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஊதும் கருவி காட்டும் எண்ணுக்கும் அந்த நேரத்துப் போதைக்கும் தொடர்பு உண்டு. மற்ற போதைப் பொருள்களுக்கு அதே பிரிவில் அளவு எதுவும் இல்லை. வண்டியைக் கட்டுப்பாட்டில் வைக்க முடியாத அளவுக்கு அதன் பிடியில் இருந்தாரா என்பதே அளவுகோல். கேட்டில் ஊதச் சொல்வதையும் சிறுநீர் கேட்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

முதல் கிட் இறுதித் தீர்ப்பு ஆகாது

அமெரிக்க மத்திய அரசின் விதிகளில் கஞ்சாவுக்கு இரண்டு படிகள் உண்டு. முதல் சோதனையில் ஒரு மில்லி சிறுநீரில் 50 நானோகிராம் எல்லை. தாண்டினால் ஆய்வகத்தில் நிறை நிறமாலைக் கருவி கொண்டு உறுதிச் சோதனை. அங்கே எல்லை 15 நானோகிராம். மாதிரி கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் அதன் சூடு 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா என்று குப்பியின் பக்கத்தில் ஒட்டிய பட்டையில் பார்க்கிறார்கள். அதையே இரண்டாகப் பிரித்து, கொடுத்தவர் கண்ணெதிரே சீல் வைக்கிறார்கள். முடிவை மறுப்பவர் இரண்டாவது பாதியை வேறு ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லலாம். இத்தனையும் இல்லாமல் முதலுதவி அறையில் ஒரு பட்டையைப் பார்த்து ‘நாளையிலிருந்து வராதே’ என்று சொல்வது பரிசோதனையே இல்லை.

குருமாவில் போட்ட கசகசா

கசகசா, அபினி தரும் செடியின் விதை. நிறையச் சாப்பிட்டால் சிறுநீரில் மார்ஃபின் தடயம் தெரிய வாய்ப்புண்டு. இந்தத் தவறான பிடிப்பைக் குறைக்கத்தான் அமெரிக்காவில் 1998இல் அபினி வகைகளுக்கான எல்லையை 300 நானோகிராமிலிருந்து 2,000ஆக உயர்த்தினார்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் இதே வகைச் சோதனையில் மாட்டும். அதனால் மாதிரி கொடுக்கும் முன்பே, சாப்பிடும் மருந்துகளைச் சீட்டோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள். வளைகுடா வேலைக்குப் போகும் செவிலியர்கள் கவனிக்க: ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் பெட்டியில் கசகசா கொண்டுபோவதே குற்றம்.

ஹோலிக்கு ஊருக்குப் போய் வந்தவர்

போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 1985, கஞ்சா என்று சொல்வது செடியின் பூ, காய் உள்ள நுனியை. தனியாக எடுத்த இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற கடையில், இலையை அரைத்துச் செய்யும் பாங் விற்கிறார்கள். வல்லம் வடகாலில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளி, பண்டிகைக்கு ஊரில் பாங் குடித்துவிட்டு வந்து மாதிரி கொடுத்தால், கிட் அதையும் கஞ்சாவையும் பிரித்துப் பார்க்காது. இரண்டிலும் இருப்பது அதே டி.ஹெச்.சி.தான்.

ஒரு கிலோ ‘சிறிய அளவு’, ஆனால் அனுமதி இல்லை

கஞ்சாவில் 1,000 கிராம் வரை ‘சிறிய அளவு’, 20 கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’. ‘சிறிய அளவு என்றால் வைத்துக்கொள்ளலாம்’ என்று விடுதிகளில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, புகைத்ததற்கு மட்டுமே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலை நேரமா, வீட்டு நேரமா என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

வாசலுக்கு வெளியே நிர்வாகத்தின் கை எவ்வளவு நீளும்?

மீரட் கிளாக்ஸோ வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு தொழிலாளர்கள் எல்லோரும் அறிய வேண்டியது. அந்த நிறுவனத்தின் வேலை விதிகளான நிலையாணையில், குடிபோதை உள்ளிட்ட நடத்தைக் கேடுகள் ‘வளாகத்துக்குள் அல்லது அதன் அருகில்’ நடந்தால் குற்றம் என்று இருந்தது. அந்தச் சொற்களை இழுத்து நீட்டக்கூடாது. செயலுக்கும் வேலையிடத்துக்கும் இடம், நேரம் சார்ந்த தொடர்பு இருந்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். வேலை முடிந்து தன் வீட்டில் மது அருந்துபவர் மீது நிர்வாகம் நடவடிக்கை எடுக்க முடியுமா என்ற கேள்வியையும் அது எழுப்பியது. கஞ்சா விஷயத்தில் குற்றவியல் சட்டம் தனியாக நிற்கிறது. அது போலீஸின் வேலை. நிர்வாகம் தன் நிலையாணையில் என்ன எழுதி, சான்று பெற்றிருக்கிறது என்பதைத் தொழிலாளி கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

வாடை மட்டும் சாட்சி ஆகாது

வாயில் மது வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குழறும் பேச்சு: இவற்றை மட்டும் வைத்து ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவு கட்ட முடியாது, ரத்தமோ சிறுநீரோ சோதித்திருக்க வேண்டும் என்று 1971இல் பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தூக்கமில்லாத கண்ணும் சிவக்கும், சர்க்கரை இறங்கியவரும் தள்ளாடுவார். செவிலியர் முதலில் பார்க்க வேண்டியது நாடித்துடிப்பையும் சர்க்கரை அளவையும்தான்.

விமானிகளுக்கு மூன்று படிகள்

இந்தியாவில் எழுதி வைத்த ஒழுங்கான விதிக்கு நல்ல எடுத்துக்காட்டு விமானத் துறை. 2022 ஜனவரி 31 முதல், விமானிகள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களில் ஆண்டுக்குக் குறைந்தது 10 சதவீதம் பேரை முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். கஞ்சாவும் பட்டியலில் உண்டு. உறுதிச் சோதனையிலும் முதல்முறை சிக்கினால் பணியிலிருந்து விலக்கி, மீட்புச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். இரண்டாம் முறை உரிமம் மூன்றாண்டு நிறுத்தம். மூன்றாம் முறை ரத்து. வானத்தில் நூற்றுக்கணக்கான உயிரைச் சுமப்பவருக்கே முதல் தடவை சிகிச்சைதான் என்றால், அசெம்பிளி லைனில் நிற்பவருக்கு ஏன் கூடாது?

பரிசோதனை ஏன் வந்தது?

1987 ஜனவரி 4, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், சேஸ் என்ற ஊர். சிக்னலைத் தாண்டி வந்த சரக்கு ரயில் என்ஜின்கள் பயணிகள் ரயிலின் பாதையில் நின்றன. மோதலில் 16 பேர் இறந்தார்கள். என்ஜின் ஊழியர்கள் கஞ்சா எடுத்திருந்தது தெரியவந்தது. 1991இல் அந்த நாட்டில் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. ‘என் சொந்த விஷயம்’ என்று சொல்வதற்கு முன் இந்த 16 பேரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கலிபோர்னியா செவிலியர், சிங்கப்பூர் செவிலியர்

கலிபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல், பணி நேரத்துக்கு வெளியே எடுத்த கஞ்சாவின் மிச்சம் சிறுநீரில் தெரிகிறது என்பதற்காகப் பெரும்பாலான வேலைகளில் ஒருவரை நிராகரிக்க முடியாது. ஆனால் வேலையில் போதையோடு இருக்க உரிமை இல்லை. புளோரிடா 1983லேயே, போதைக்கு ஆட்பட்ட செவிலியரைத் தண்டிப்பதற்குப் பதில் சிகிச்சை தந்து மீண்டும் பணிக்குக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. சிங்கப்பூர் நேர் எதிர்: அதன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் எடுத்திருந்தாலும், உள்நாட்டில் எடுத்ததாகவே வழக்கு. தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு செல்லும் செவிலியர்கள், போகும் நாட்டின் விதியைச் சம்பள விவரத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்தக் குப்பியிலும் சிக்காத போதை

17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவரின் அளவுக்குக் குறைகிறது என்று ‘நேச்சர்’ இதழில் 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் சாலைச் சட்டத்தின் எல்லை 30தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரு ஷிப்ட் முடித்து, ஆள் வராததால் அடுத்த ஷிப்டும் சேர்த்துப் பார்க்கும் செவிலியரும் ஆபரேட்டரும் இந்த நிலையில்தான் நிற்கிறார்கள். பாதுகாப்பின் மேல் உண்மையான அக்கறை உள்ள நிர்வாகம், சிறுநீர்க் குப்பி வாங்கும் முன் ஷிப்ட் அட்டவணையைத் திருத்தட்டும்.

மூன்று கோடி கஞ்சா, பதினாறு கோடி மது

எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் 2.8 சதவீதம் பேர், அதாவது சுமார் 3.1 கோடிப் பேர், முந்தைய ஓராண்டில் பாங், கஞ்சா, சரஸ் ஏதாவது ஒன்றை எடுத்திருந்தார்கள். மது அருந்துவோர் 14.6 சதவீதம், சுமார் 16 கோடி. சம்பள நாளுக்கு மறுநாள் யார் யார் வேலைக்கு வரவில்லை என்று பார்த்தாலே எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும்.

இது நோய், ரகசியம் காக்கப்பட வேண்டியது

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்கள் 1995இல் ஜெனீவாவில் ஏற்ற நடைமுறைக் குறியீடு, வேலையிடத்து மது, போதைச் சிக்கலை உடல்நலச் சிக்கலாகவே பார்க்கச் சொல்கிறது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் மது, போதையால் வரும் பாதிப்புகளை மனநோய் வரையறைக்குள் சேர்த்து, சிகிச்சை பெறுபவருக்கு ரகசியக் காப்பு உரிமை தருகிறது. ஹெச்.ஆர். மேஜைக்குப் போக வேண்டியது ‘தகுதி’ அல்லது ‘இப்போது தகுதியில்லை’ என்ற ஒரு வரிதான்.

தானாக வந்தால் வழக்கிலிருந்து விலக்கு

போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு பலருக்குத் தெரியாது. போதைக்கு அடிமையானவர் மீது, உட்கொண்டதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு வந்தால், அவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற மையத்திலோ சிகிச்சை பெறும்போது வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பாதியில் விட்டுவிட்டால் பாதுகாப்பும் போய்விடலாம். இந்தத் தொழிற்பகுதியில் இருப்பவர்களுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும், சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. போதை மீட்பு ஆலோசனைக்குக் கட்டணமில்லாத் தேசிய எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. கேன்டீன் சுவரில் பாதுகாப்பு வார போஸ்டர் ஒட்டும் இடத்தில் இந்த இரண்டு எண்களையும் ஒட்டச் சொல்லி, உங்கள் பாதுகாப்புக் குழுவிடம் இந்த வாரமே கேளுங்கள்.