றாகமைப் புகையிரத நிலையம்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

கொழும்புக் கோட்டைக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள றாகமைப் புகையிரத நிலையம், நாள்தோறும் அதனைப் பயன்படுத்துவோர்க்கு வண்டி மாறும் ஒரு சந்தி மட்டுமே. கண்டிக்குச் செல்லும் பிரதான பாதையிலிருந்து புத்தளப் பாதை இங்குதான் பிரிகிறது. எனினும், புறநகர்ப் பயணிகளின் நிலையமாக அது மாறுவதற்கு முன்னர் வேறு வகையான மனிதர் இவ்வூரில் இறக்கப்பட்டனர் என்பதை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இலங்கையின் முதற் புகையிரதப் பாதை கொழும்பையும் அம்பேபுசையையும் இணைத்தது. 1864 டிசெம்பர் 27இல் அதில் முதல் வண்டி ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. அதனை விடாப்பிடியாகக் கோரியவர்கள் கோப்பித் தோட்டத் துரைமாரே. மாட்டுவண்டிகளில் இறங்கிய கோப்பியை விரைவிலே துறைமுகம் சேர்ப்பதே அவர்தம் நோக்கமாயிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் காலப்போக்கிற் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. சரக்கு மாறிற்று, பாதை மாறவில்லை.

தேயிலைக்கு வேண்டிய தொழிலாளர் தென்னிந்தியாவிலிருந்து வந்தனர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து வந்தோருட் பலர் வாந்திபேதிக்கு இரையாயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடபாதை கைவிடப்பட்டு, தூத்துக்குடி – கொழும்புக் கப்பல் வழி முதன்மை பெற்றது. அவ்வழி வந்தோர் நோய்த்தடுப்பின் பொருட்டு றாகமை முகாமிலே தடுத்து வைக்கப்பட்டனர். தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் இலக்கங்கள் பொறித்த தகரச் சீட்டு அக்காலத்தில் அவர்களுக்கு வழங்கப்பட்டது. பொதிக்குக் கட்டும் அடையாளத்திற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை எனலாம்.

1901 முதல் இதே றாகமையில், தென்னாபிரிக்காவிற் பிடிபட்ட போவர் போர்க் கைதிகளுள் ஒரு பிரிவினரும் சிறைவைக்கப்பட்டனர். தியத்தலாவைப் பெருமுகாமிலே கட்டுப்பட மறுத்தோரும், போவர் பக்கம் நின்று போரிட்ட பிறநாட்டவரும் அவருட் பலராவர். போவர் கைதிகள் நாட்குறிப்பும் கடிதமும் எழுதினர். அவை பேணப்பட்டு ஆராயப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளரோ பெரும்பாலும் குடிவரவுக் கணக்குகளிலும் மருத்துவ அறிக்கைகளிலும் எண்களாகவே எஞ்சியுள்ளனர். சான்றுகளின் இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலானதன்று. 1914இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டது. 1917 அளவில் மண்டபம் முகாமும் அமைந்தது. அதன்பின் றாகமை முகாமின் தேவை குன்றியது.

இதற்கிடையில் கரையோரக் கிளைப்பாதை நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வளர்ந்து, 1926இல் புத்தளத்தை அடைந்தது. றாகமை சந்தியாயிற்று. தென்னை நிலத்தின் விளைபொருளோடு எழுதுவினைஞரும் கடைச் சிப்பந்திகளும் தலைநகருக்கு வரலாயினர். நகரில் வீட்டு வாடகை கொடுக்க இயலாதோர் பருவச் சீட்டின் உதவியாற் புறநகரில் வாழ முடிந்தது. 1978இல் கட்டுநாயக்கவிற் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதும், 1991இல் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் றாகமையிலேயே அமைந்ததும் இந்நிலையத்தின் பயன்பாட்டை மேலும் விரிவாக்கின. போதனா வைத்தியசாலையை நாடித் தூர ஊர்களிலிருந்து வரும் நோயாளரும் இங்கேயே இறங்குகின்றனர்.

கொழும்புக்கும் றாகமைக்கும் இடையே இரண்டுக்கு மேற்பட்ட தண்டவாளப் பாதைகள் உள்ளமையால், விரைவு வண்டிகளும் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டிகளும் ஒன்றையொன்று தடுக்காது ஓடலாம். புத்தளப் பாதையின் நிலை வேறு. அதன் பல பகுதிகளில் ஒற்றைப் பாதையே உண்டு. எதிர்வண்டி வரும்வரை ஒரு வண்டி காத்துநிற்க, அத்தாமதம் றாகமை மேடையில் நிற்போரையும் வந்தடைகிறது. புறநகர்ப் பாதைகளை மின்மயமாக்கும் யோசனை பல அரசாங்கங்களாற் பேசப்பட்டும் நிறைவேறவில்லை.