வண்டி வைத்தியம் – 14: மேட்டில் திணறும் கார்

1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, சக்கரங்களில் சுமார் 3 குதிரைத்திறன் இருந்தால் போதும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் அதே வேகத்தில் ஏற 20 குதிரைத்திறன் வேண்டும். ஊருக்குள் ஓட்டும்வரை இன்ஜினுக்குத் தன் முழு பலத்தையும் காட்ட வேண்டிய வேலையே வருவதில்லை. பாதி அடைத்த ஃபில்டரும் தளர்ந்துபோன பெட்ரோல் பம்ப்பும் மாதக்கணக்கில் தெரியாமல் கிடப்பது அதனால்தான். மலையேறும்போது எல்லாம் மாட்டிக்கொள்ளும்.

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் கார்களைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, நன்றாகவும் ஓடி, மேட்டைக் கண்டதும் ‘புல்லிங்’ இல்லாமல் போகும் கார்கள்.

வண்டியின் குற்றம் அல்லாதவற்றை முதலில் கழித்துவிடுவோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், ஊட்டி போய்ச் சேரும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்தே தீரும். போதாக்குறைக்கு உள்ளே ஐந்து பேர், கேரியரில் மூட்டை, ஓடிக்கொண்டிருக்கும் ஏசி. இதோடு மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் ஏற்றினால் எந்தச் சின்ன காரும் திணறத்தான் செய்யும். இந்த ரக இன்ஜின்கள் பலவற்றின் இழுவை உச்சத்துக்கு வருவதே 4,000 ஆர்பிஎம் பக்கத்தில். இரண்டாவது கியருக்கு மாற்றி, ஏசியை அணைத்ததும் வண்டி ஏறிவிட்டால் மெக்கானிக்குக்கு வேலை இல்லை.

அப்படியும் இழுக்கவில்லையா? பானெட்டைத் திறக்கும் முன் டாஷ்போர்டில் இரண்டு முட்களைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஆர்பிஎம் முள் எகிறி, வேகமுள் மட்டும் அசையாமல் நின்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது, கிளட்ச் வழுக்குகிறது. கருகல் வாடையும் வரும். ஆளில்லாத சமதளச் சாலையில் நான்காவது கியரில் 40-ல் போகும்போது ஒரே மிதியாக மிதித்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். இரண்டு முட்களும் சேர்ந்தே சரிந்தால் இன்ஜின் பக்கம் போக வேண்டும். அதற்கு முன் வண்டியை நிறுத்தி நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்ஜின் என்று முடிவான பிறகு கேள்விகள் நான்குதான்: பெட்ரோல் போதுமான அளவு வருகிறதா, காற்று வருகிறதா, தீப்பொறி வருகிறதா, எரிந்த புகை வெளியே போகிறதா? முதல் மூன்றை எல்லோரும் பார்ப்பார்கள். நான்காவதைப் பலர் மறந்துவிடுவார்கள்.

கோவையில் ஓர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த பத்து வயது பெட்ரோல் கார் அதற்கு நல்ல சாட்சி. வேறிடத்தில் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் பம்ப் மூன்றையும் மாற்றியாகிவிட்டது. மேட்டில் மட்டும் பழைய கதைதான். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். பழைய பதிவாக ‘பி0303’ வந்தது. மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். அடுத்து, புகைக்குழாயில் முன்பக்க ஆக்ஸிஜன் சென்ஸாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜை மாட்டினார். ஐடிலில் முள் பெரிதாக அசையவில்லை. 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் 8 பிஎஸ்ஐயைத் தொட்டது. 3-க்குள் இருக்க வேண்டியது.

“காத்து உள்ள போகுதுங்ணா, வெளிய வர வழியில்லீங்க” என்றார் உரிமையாளரிடம்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிப் பார்த்தால், தேன்கூடு போல் துளைதுளையாக இருக்க வேண்டிய பீங்கான் உருகி, பாதிக்கு மேல் அடைத்திருந்தது. காரணம் மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில். சும்மா ஓடும்போது தீப்பொறி வரும். பாரம் ஏறினால் விட்டுவிடும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அந்தச் சூட்டில் பீங்கானை உருக்கிவிட்டது. காயிலை விட்டுவிட்டு கன்வெர்ட்டரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் கொஞ்ச நாளில் அதே கதிக்கு வந்திருக்கும். ‘செக் இன்ஜின்’ விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் காலை உடனே ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பொருள் என்பதால் கன்வெர்ட்டர் விலை சுடும். “கழற்றிப் போட்டுவிட்டு வெறும் பைப் மாட்டிடலாம்” என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். சட்டப்படி தவறு, பின்பக்க சென்ஸாரும் விடாமல் விளக்கைப் போட்டுக்கொண்டே இருக்கும்.

டீசல் காரில் புகையின் நிறம் பாதி வேலையை முடித்துவிடும். மேட்டில் கரும்புகை கக்கினால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை: டர்போவிலிருந்து வரும் ஹோஸ் கிழிந்திருக்கலாம், ‘உஸ்’ என்ற சத்தத்தைக் கவனியுங்கள். புகையே இல்லாமல் சோர்ந்தால் டீசல் ஃபில்டரைப் பாருங்கள். அடியில் தண்ணீரும் தேங்கியிருக்கலாம். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ததும் பலம் திரும்பினால், ஏதோ ஒரு கோளாறைக் கண்டு இன்ஜின் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்திருக்கிறது. அப்போது ஸ்கேனர் பார்க்காமல் ஒரு பாகத்தையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் “இழுக்கலை” என்று மட்டும் சொல்லாமல், எந்த கியரில், எந்த ஆர்பிஎம்மில், எவ்வளவு நேரம் ஏறிய பிறகு, புகை உண்டா என்று சொல்லிப் பாருங்கள். தேவையில்லாமல் மாற்றும் பாகங்களின் பட்டியல் பாதியாகச் சுருங்கும்.

ஏறிய வண்டி இறங்கியாக வேண்டுமே. அடுத்த வாரம்: நீண்ட இறக்கத்தில் பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது?

(தொடரும்)